ஒன்பது பத்து

கடைசி அட்டையில் ஏழு வெள்ளை மாத்திரைகள் மிச்சம்.
மருந்தில்லாதவை,
பழக்கம் விட்டுப்போகாதிருக்கக் கொடுப்பவை.
அவற்றையும் விழுங்கினேன்.
பதினோரு வருடம் கூட இருந்தவர்களை
வாசல்வரை போய் வழியனுப்ப வேண்டாமா.

போனில் அலாரத்தை அழிக்கவில்லை.
இரவு ஒன்பது பத்துக்கு அது கூப்பிடும்.
எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து
தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு வருவேன்.
செல்வின் பார்ப்பான், ஒன்றும் கேட்கமாட்டான்.

ஏன் நிறுத்தினாய் என்று கேட்டவர்கள் எல்லோரும்
பதிலையும் கையோடு கொண்டுவந்தார்கள்.
என்னுடையது சின்னது:
பிப்ரவரியில் ஓர் இரவு
தொண்டையில் இறங்கிய அடுத்த நொடியே
போட்டேனா இல்லையா என்று தெரியவில்லை.
அட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.
என்னைப் பற்றி அட்டைக்குத் தெரிந்த அளவுகூட
எனக்குத் தெரியாதா என்று தோன்றியது.

டாக்டர் மாய் லான் சொன்னாள்:
ஒரு மாதத்தில் வரலாம், மூன்றும் ஆகலாம்,
அதைத் தாண்டினால் வா.
வருவதற்கு முன்பே தங்கவும் செய்யும், நினைவிருக்கட்டும்,
முதல் முட்டை சொல்லிக்கொண்டு வராது.
பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி,
பரு வந்தால் என்னைத் திட்டாதே.

வந்தது.
முப்பத்தைந்து வயதில், தாடையோரம்,
பதினொன்றாம் வகுப்பில் விட்ட அதே இடத்தில்.
குளியலறைச் சல்லடையில் முடி.
சிந்திய பாலுக்காக ஒரு ஞாயிறு முழுக்க அழுதேன்,
பால்கூட இல்லை, ஓட்ஸ் பால்.

நான் எண்பத்திரண்டாம் நம்பர் டிராம் ஓட்டுபவள்,
ஃபுட்ஸ்க்ரேயிலிருந்து மூனி பாண்ட்ஸ்.
மூன்றாவது வாரம் மூக்கு திறந்துகொண்டது.
ஓட்டுநர் அறையின் கதவிடுக்கு வழியே
ஈரக் கம்பளி, மீன்கடைக் கையுறை,
யாரோ அப்போதுதான் உரித்த ஆரஞ்சு.
மரிபிர்னாங் ஆற்றைக் கடக்கையில்
சேற்றுக்கும் ஒரு மணம் இருந்தது.

அதனால்தான் பயம் வந்தது.
செல்வினைச் சந்தித்தபோதும்
மோதிரம் மாற்றியபோதும்
நான் மாத்திரையில் இருந்தேன்.
இவனைப் பிடித்தது எனக்கா, அதற்கா.
தூங்குகிறவனின் கழுத்தருகே குனிந்து முகர்ந்தேன்,
பழம் வாங்குகிறவளைப் போல.
பாத்திர சோப்பு, வியர்வை, லேசாக உப்பு.
பிடித்திருந்தது.
முன்பைவிடக் கொஞ்சம் குறைவாக.
இல்லை, குறைவென்று சொல்ல முடியாது, வேறு மாதிரி.
அவன் கண் விழித்து, என்ன என்றான்.
ஒன்றுமில்லை, தூங்கு.

ஜூன் தொடக்கத்தில், ஹைபாயிண்ட் நிறுத்தத்தில்,
சிவப்பு விளக்குக்கு நிற்கையில்
இடது அடிவயிற்றில் ஒரு சுருக்.
யாரோ சில்லறைக் காசைச் செங்குத்தாக நிறுத்தி வைத்தாற்போல.
நீதானா?
இத்தனை வருடம் எந்த டெப்போவில் நின்றாய்?
விளக்கு மாறியதைப் பின்னால் வந்த கார்க்காரன்
ஹார்ன் அடித்துச் சொன்னான்.

நாள் தள்ளிப்போயிருக்கு என்று
அம்மாவிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.
பாளையங்கோட்டையில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது.
ஸ்தோத்திரம், முழுகாம இருக்கியா?
தினமும் முழுகுறேம்மா, வெந்நீர்ல.
அவள் சிரிக்கவில்லை.
பதினோரு வருடம் நான் தள்ளிப்போட்டதற்கும்
இப்போது தானாகத் தள்ளிப்போவதற்கும்
நம்மிடம் இருப்பது ஒரே வினைச்சொல்.
டெஸ்ட் செய்தேன். ஒற்றைக் கோடு.
அதைப் பார்த்து மூச்சு விட்டேன்.
எந்த வகை மூச்சு என்று கேட்காதீர்கள்.

முன்பெல்லாம் புதன் மதியம் வரும்,
கால அட்டவணை தவறாது, வெளுத்து, வலிக்காமல்.
ஐம்பத்தெட்டாம் நாள் வந்தது
ஒரு வெள்ளிக்கிழமை, மூனி பாண்ட்ஸ் கடைசி நிறுத்தத்தில்,
அடர்சிவப்பாய், இடுப்பை முறுக்கிக்கொண்டு.
கழிப்பறைக்கு ஓடினேன்.
அடுத்த வண்டி ஓட்டும் டானா
கதவுக்கு மேலாக ஒரு நாப்கின் எறிந்தாள்.

நான்கு நிமிடம் தாமதம்.
கட்டுப்பாட்டு அறை காரணம் கேட்டது.
ஒரு பயணிக்காக நின்றேன் என்றேன்.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.