கடைசி வாக்கியம்

உலான்பத்தோர். ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
பயிற்சியின் இரண்டாம் நாள்.
படிப்பை விட்டவர்களைத் திரும்ப அழைப்பது எப்படி என்று
நேற்றெல்லாம் அம்புக்குறி போட்ட படங்கள்.
இன்று நர்மந்தாக் ஆளுக்கொரு துண்டுத்தாள் தந்தாள்:
"நின்றுபோன ஒரு பிள்ளை.
அந்தப் பிள்ளையிடம் நீங்கள் கடைசியாகச் சொன்னது.
அப்படியே எழுதுங்கள்."

கணக்கு வாத்தியார் பேனாவை உதறினார்,
மை உறைந்துவிட்டதாம்.
ஹீட்டரை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தார்.

எனக்கு தோல்கூன்.
நிலக்கரி மூட்டை இறக்கிவிட்டு
இரண்டாவது பீரியடுக்கு வருவான்.
இமையில் பனி, விரலிடுக்கில் கரி.
நோட்டில் எழுத்தைவிட ரேகை அதிகம்.
அன்று வாசலில் நின்றான்,
வரவா வேண்டாமா என்று.
நான் கரும்பலகையைப் பார்த்தபடியே சொன்னேன்:

"கதவைச் சாத்து, குளிர் வருது."

சாத்தினான்.
வெளியே நின்று.

பதினோரு மாதம்.
தாளைப் பெட்டியில் போடச் சொன்னார்கள்.
என்னுடையது கோட்டுப் பைக்குள் போனது.
மாலையில்,
கூடார வீடுகள் இருக்கும் மேட்டுக்கு
எந்த பஸ் போகும் என்று
ஓர் ஓட்டுநரிடம் விசாரித்தேன்.
ஊருக்குப் புதுசா என்றார்.

ஒன்பது வருடமாக இங்கேதான்
பாடம் நடத்துகிறேன்.