நூற்றியோராவது வீடு

குமுழமுனையில் இருநூற்றியொரு குடும்பங்களை
வருமானப்படி நிரையில் விட்டேன்.
நிரை என்றால் இங்கே பலருக்கு வயிறு கலங்கும்:
பதிவு நிரை, பாண் நிரை, பெயர் வாசிக்கும் நிரை.
இது எக்செல் நிரை. யாரும் வெயிலில் நிற்கவில்லை.

கூட்டிப் பிரித்துப் பார்த்தால்
அரிசி ஆலைக்காரரின் இரண்டு லட்சம்
எல்லார் சட்டியிலும் கொஞ்சம் கொஞ்சம் விழுந்து
ஊரே உண்டது போலிருக்கும்.
ஆகவே இடையம்.
மேலே நூறு பேர், கீழே நூறு பேர்,
நடுவில் நிற்கும் வீட்டின் காசு.

அந்த வீடு கதிரமலையினது.
லாண்ட்மாஸ்டர் அவருடையது, தவணை முடியவில்லை.
கேள்விகளுக்குப் பூமலர்தான் பதில் சொன்னாள்.

மாத வருமானம்?

"எந்த மாதம்?
மாசியெண்டால் நெல்லு.
பங்குனியில கச்சான், பண்டி மிச்சம் விட்டால்.
புரட்டாதியைக் கேக்காதேங்கோ."

குளத்து மீன்?

"வித்ததோ, கறிக்குப் பிடிச்சதோ?"

இரண்டும். கறிக்குப் பிடித்ததையும்
சந்தை விலையில் காசாக்கி எழுதவேண்டும்.

"திண்டதும் வருமானமோ!"
சிரித்த சிரிப்பில் படலையடி நாய் எழும்பியது.
"அப்ப செவ்வாய்க்கிழமை லோன்காரர் தந்தது?"

அது இல்லை. கைநூல் பதினெட்டாம் பக்கம்.

பன்னிரண்டு மாதத்தையும் அடித்துத் தட்டையாக்கி
இருபத்து மூவாயிரத்து நானூறு என்று எழுதினேன்.
எந்த மாதத்திலும் அவள் கையில்
அந்தத் தொகை இருந்ததில்லை.

*

பிறகு மேலிடம் கேட்டது:
முப்பது ஆண்டுக்கும் ஒரே கோடாய்த் தாருங்கள்.

பழைய ஆய்வு ஒரு முனையில், என்னுடையது மறுமுனையில்.
நடுவே கட்டங்கள் வெறுமை.
"ரெண்டு புள்ளி இருக்குதல்லோ," என்றார் கொழும்பில் ரமணீதரன்,
"நேர்கோடு போடுங்கோ."

போட்டேன். கோடு அழகாய் ஏறியது.
ஷெல் விழுந்த மாதங்களுக்கு மேலால் ஏறியது,
தறப்பாள்களுக்கு மேலால்,
ஒவ்வோர் ஆண்டும் எழுநூறு ரூபாய் கூடிக் கூடி.

கைநூல் சொல்கிறது: ஒரே உலையில் சமைத்து உண்பவர்
ஒரு குடும்பம்.
முகாமில் முப்பத்தெட்டுப் பேருக்கு ஒரு கிடாரம்.
அப்படியானால் நாங்கள் ஒரு குடும்பம்தான்,
நானும் அதில்; பத்து வயது; கஞ்சிக்குப் பிளாஸ்டிக் கோப்பை.
எங்கள் இடையத்தை யார் கணித்தார்கள்?
கோட்டைத் துண்டுகோடாக மாற்றினேன்.
அவ்வளவுக்குத்தான் மென்பொருளில் இடமுண்டு.

*

இரண்டு ஆண்டு கழித்து மறுபடி அதே வீடுகள்.
பதினான்கு பூட்டியிருந்தன. குறியீடு 07.
எல்லாம் நிரையின் அடிவாரம்.
இரண்டு பேர் செத்துப் போனார்கள்.
ஒருத்தி குவைத்தில். மூன்று குடும்பம்
லோன்காரருக்குப் பயந்து இரவோடிரவாக வவுனியாவுக்கு.
மிச்சம் எங்கே என்று அயலுக்கும் தெரியாது.
பதினொன்றாவது பூட்டில் குளவி கூடு கட்டியிருந்தது.

மற்றவர்களுக்கு ஒரு சதமும் ஏறவில்லை, இறங்கவில்லை,
இரண்டு தடவை சரிபார்த்தேன்.
நூற்றியெண்பத்தேழு பேரில் நடு, தொண்ணூற்றிநாலாவது;
பழைய நிரையில் நூற்றியெட்டாவதாய் நின்ற
தபால்காரர் வீடு.
இடையம் எழுநூற்றைம்பது ரூபாய் உயர்ந்தது.

அறிக்கையில் பச்சை அம்புக்குறி வைத்தார்கள்.

பூமலர் இப்போது எண்பத்தேழாவது.
இருந்த இடத்தில் இருந்தபடியே
கீழ்ப்பாதிக்குப் போய்விட்டாள்.
அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
அவள் கேட்டதும் அதுவல்ல.

அவித்த கச்சான் ஒரு சரை, என் பைக்குள் திணித்தபடி:
"இதையும் எழுதவேணுமோ?
எழுதிறதெண்டால் அரைக் கிலோ எண்டு போடுங்கோ,
கூட்டிப் போடாதேங்கோ,
பேந்து சமுர்த்தியை வெட்டிப் போடுவாங்கள்."