ஒரு வாளிக்கு ஒரு மூடி

தாஸ்கா கதவில் மஞ்சள் தாள் ஒட்டிவிட்டார்கள்.
கை, கால், வாய்ப்புண்.
பத்து நாள் மூடல்.
சிகு நோர் வாட்சாப்பில் அனுப்பிய நீண்ட பட்டியலின்
கடைசி வரி:
வீட்டிலுள்ள விளையாட்டுச் சாமான்களையும் கழுவிவிடுங்கள்.

செந்தூல், பதினான்காவது மாடி.
குழாயில் தண்ணீர் நூலாகத்தான் இறங்கும்.
சிவப்பு வாளி நிறைவதற்குள்
லோஷினி இரண்டு முறை அழுது
ஒரு முறை தூங்கியும் விட்டாள்.
உள்ளங்கை விரிந்து கிடக்கிறது,
சவ்வரிசி ஒட்டியதுபோல் கொப்புளங்களோடு.

புவனேஸுக்கு மாலில் இரண்டு மணி ஷிப்ட்.
செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:
"ஒரு வாளிக்கு ஒரு மூடிதான்.
கைக்கு வந்த மாதிரி ஊத்தாதீங்க."
நான் ஒன்றரை மூடி ஊற்றினேன்.
பயம் எப்போதும் அரை மூடி கூடத்தான்.

கிராப் ஓட்டுகிறவன் நான்.
யார் யாரோ தும்மிவிட்டு இறங்கும் இருக்கையை
சவாரிக்குச் சவாரி துடைக்கிறவன்.
இந்தக் கூடையை மட்டும்
ஒரு நாளும் கவிழ்த்துப் பார்த்ததில்லை.
சக்கரம் போன லோரி,
பத்துமலையில் ஐந்து வெள்ளிக்கு வாங்கி
காருக்குள்ளேயே தொண்டை கட்டிப்போன ஊதல்,
பிரியாணி டப்பா மூடி
(அதுவும் விளையாட்டுச் சாமான்தான், அவள் கணக்கில்).

பழைய பல் துலக்கியால்
ரோபோவின் அக்குளைத் தேய்த்தேன்.
பிஸ்கட் மாவு. முடி. என்னவென்று தெரியாத ஒரு சிவப்பு.
வாத்தைப் பிழிந்தேன்,
வயிற்றிலிருந்து கறுப்பாய் வந்தது தண்ணீர்.
ஓராண்டாய்ச் சிரித்த முகத்தோடு
இதையா உள்ளே வைத்திருந்தாய்?

அடியில் ஒரு டைனோசர்.
பச்சை. எங்களுடையது இல்லை.
வயிற்றில் ஒட்டிய தாளில் பேனாவால் ஒரு பெயர்:
ஹாசிக்.

ஆக, இவன்தான்.

ஒரு வினாடி
வழக்கே முடிந்துவிட்டதுபோல் இருந்தது.
என் மூன்று நாள் சவாரிக்கும்
அவள் துப்பிய தயிருக்கும்
விடிய விடியத் தோளில் போட்டு நடந்ததற்கும்
ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

வெளிச்சத்தில் திருப்பினேன்.
வாலில் பல் தடங்கள், இரண்டு வரிசை.
ஒன்று எனக்குத் தெரியாத வாய்.
மற்றதில்
நடுப்பல் பாதிதான் பதிந்திருந்தது.
போன தீபாவளிக்குப் படியில் விழுந்து உடைந்த முன்பல்.
சோறு ஊட்டும் விரலுக்கு
அந்த இடைவெளியை நன்றாகத் தெரியும்.

யார் முதலில் கடித்தது?
வால் சொல்லவில்லை.
நீ கடி, கொடு, நான் கடிக்கிறேன், கொடு,
அவ்வளவுதான் நடந்திருக்கும்.

அதையும் வாளியில் போட்டேன்.
மிதந்தது.
ஒரு தட்டைக் கவிழ்த்து அமுக்கிவிட்டு
கைபேசியில் பத்து நிமிடம் அலாரம் வைத்தேன்.
எந்த மாடியிலோ, எந்த புளோக்கிலோ
யாரோ ஒருவர் இப்படியே குந்தியிருக்கலாம்,
இதே வாசம் மூக்கில் ஏற,
எங்கள் வீட்டு ஊதாக் கரண்டியைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தபடி.
அது காணாமல்போய் ஒரு மாதம் ஆகிறது.

மூன்று அலசல்.
முயலைக் காதில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டேன்.
நான்கு மணிக்குச் சொல்லிவைத்ததுபோல் மழை.
வாரிக்கொண்டு உள்ளே ஓடி
மின்விசிறிக்கடியில் பழைய நாளிதழ் விரித்தேன்.
கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தில்
நாலு காலும் மேலே தூக்கி
டைனோசர் காய்ந்தது.

எழுந்து வந்தவள் முயலை முகர்ந்து
தூக்கிப் போட்டாள்.
"சுவிமிங் பூல்" என்றாள்.

பதினோராம் நாள் காலை.
உள்ளங்கைத் தோல் வெங்காயச் சருகாய் உரிகிறது,
காய்ச்சல் இல்லை.
பையில் ஹாசிக்கின் டைனோசர்.
மின்தூக்கிப் பொத்தானை அவள்தான் அமுக்க வேண்டும்,
அது எங்கள் வீட்டுச் சட்டம்.
இடுப்பில் தூக்கிப் பிடித்தேன்,
மறு கையில் சானிடைசர் தயார்,
விரல் பட்டதும் துடைத்துவிடலாம்.

மூக்கால் அமுக்கினாள்.
விளக்கு எரிந்ததும்
நக்கியும் பார்த்தாள்.