கார்பன் தாள்

கூடலூர் முன்சீப் கோர்ட் வாசலில்
ஆனி மழை பிடித்தால்
தாள் நமுத்துவிடும், விசை ஒட்டிக்கொள்ளும்.
ரெமிங்டன் முதுகில் பிளாஸ்டிக் போர்த்தி
பக்கத்துக்கு ஒன்றேகால் ரூபாய் என்று
பதினேழு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன்.

சேரம்பாடியிலிருந்து செங்கமலம் வந்தாள்.
அட்டை கடித்த கால், ரத்தம் நிற்கவில்லை.
கூலி கேட்ட கூட்டத்திலிருந்து
மகன் யோகராசாவை ஜீப்பில் ஏற்றி
இன்றோடு ஒன்பது நாள்.
எந்த ஸ்டேஷனிலும் இல்லையாம்.

ஆட்கொணர்வு மனு என்றேன்.
ஆளைக் கொண்டுவருமா என்றாள்.
பதில் தெரிந்த ஒருவரிடம்
ரங்கூனில் நான் சம்பளம் வாங்கினேன்.

வக்கீல் வயிரவன்.
வட்டிக்கடைப் பிள்ளை.
வயலை இழந்த பர்மாக்காரனுக்காக
சொந்தப் பெரியப்பாவைக் கூண்டில் ஏற்றி
"ஐயா, வட்டியை இன்னொருதரம் கூட்டிச் சொல்லுங்கள்"
என்று மரியாதையாகக் கேட்டவர்.
அன்று ராத்திரி அவருக்கு அந்த வீட்டில் சோறில்லை.
துறைமுகக் கூலிகள் பீஸுக்குப் பதில்
கருவாடு கட்டிக்கொண்டு வருவார்கள்.
கேஸ் கட்டெல்லாம் நாறும்.

மார்ச்சில் பட்டாளம் வந்தது.
ரேடியோவில் சோசலிசம் என்றார்கள்.
சிரித்தார்.
"என் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து
என்னையே திருடன் என்பார்கள், பாரு."

ஜூலையில் மாணவர்களைச் சுட்டார்கள்.
பிணங்கள் எங்கே என்று
அவர் சொல்லச் சொல்ல அடித்தேன்.
தெரிந்தவரை பெயர்.
தெரியாத இடத்தில்
நீலச் சட்டை, இடது காதில் மச்சம்.

மூன்றாம் நாள் அவரையே கொண்டுபோனார்கள்.
அவருக்கான மனுவை
சொல்ல ஆளில்லாமல் நானாக அடித்தேன்.
வரிக்கு வரி அவர் பெயர்;
வேறென்ன எழுதுவதென்று தெரியவில்லை.
கோர்ட் குமாஸ்தா அதைத் தொடவே இல்லை,
மேஜையில் நான் வைத்த இடத்திலேயே கிடந்தது.
பதினோராம் நாள்
மூக்குக்கண்ணாடிக் கூடும்
"காய்ச்சல்" என்றொரு சீட்டும் வந்தன.
கூட்டுக்குள் கண்ணாடி இல்லை.

கப்பலேறும்போது சுங்கக்காரன்
தோட்டைக் கழற்றிக்கொண்டான்,
மெஷினை எடுத்துக்கொண்டான்.
நாலாய் மடித்த கார்பனை
குப்பை என்று விட்டான்.
விளக்குக்கு எதிரே பிடித்தால்
அவர் பெயர் மட்டும் வெளிச்சமாய்த் தெரியும்.

இன்றைக்குக் கடையடைப்பு.
ஊரில் ஒரு கார்பன் இல்லை,
மனுவுக்கோ இரண்டு படி வேண்டும்.
செங்கமலத்தை உட்காரச் சொல்லிவிட்டு
வீட்டுக்கு நடந்தேன்.

யோகராசா, வயது இருபத்தொன்று,
தேயிலைத் தோட்டத் தொழிலாளி.
அசலில் சரியாக விழுந்தது.
படியில்தான் நடுநடுவே ஓட்டை,
அவர் பெயர் முன்னமே
மையை எடுத்துக்கொண்ட இடங்கள்.

நோட்டரி தூக்கிப் பார்த்தார்.
"என்னம்மா, தேய்ந்த கார்பனா?"
"ஒரேயொரு தரம் அடித்தது சார்."

விட்டுப்போன எழுத்துகளை
பேனாவால் ஒவ்வொன்றாக நிரப்பினேன்.
செங்கமலம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.
நாலு மணி பஸ்ஸில் தபால் ஊட்டிக்குப் போகும்.
மணி மூணு ஐம்பது.