நிரந்தரப் பாரம்

முன்பு வைத்திருந்தவன்
உயர்த்திவிட்டுத்தான் விற்றான்.
முன்பக்கம் பரவாயில்லை. பின்னால்
அச்சுக்கும் வில்லுக்கும் நடுவே ஓர் இரும்புக் கட்டை,
கட்டையன் சப்பாத்துக்குள் மடித்து வைத்த காகிதம் மாதிரி.
வில்தகடுகள் பழையவையே.
ஐந்தும் வளைவு தொலைத்து
ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன.
ஷொக் இரண்டும் இந்த உயரத்துக்குக் கட்டை.
எம்மன்மாட் ரயில் கடவையில்
சக்கரம் பள்ளத்துள் இறங்கும்போதெல்லாம்
எட்டி எட்டிப் பார்த்து, முடியாமல்
டொக்.

லாங்னாவில் ட்சௌக்கின் பட்டறை.
பிராண்ட் கேட்பார், காசு கேட்பார் என்று போனேன்.
மனுசன் கேட்டது ஒன்று:
"பின்னால் எப்போதும் எத்தனை கிலோ?"

வேலிக்கம்பம் ஏற்றினால் அறுநூறும் வரும், என்றேன்.
ஆடியில் மலைக்கு, பிறகு
பனி விழமுன் ஒருக்கால்...
"அது சிலவேளை," என்றார்.
பென்சிலால் மேசையைத் தட்டி,
"இம்மர். எப்போதும்."
தாளில் மூன்று கட்டங்கள்:
ஒன்றுமில்லை. நூற்றைம்பது. ஐந்நூறு.

கிருபாகரன் வீட்டிலிருந்தே தீர்ப்புச் சொன்னார்:
"ஐந்நூறை எடு. தேவைப்பட்டால்?"
இந்தத் 'தேவைப்பட்டால்' தான்
எங்கள் நிலவறையில்
மூன்று பிறஷர் குக்கரும்
ஒரு கூடாரமும்
பொருத்தாத அலுமாரியுமாக இருக்கிறது.

தீவன ஆலையின் எடைமேடையில்
பின்சக்கரங்களை மட்டும் ஏற்றினேன்.
வெறும் வண்டி என்றுதான்
எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன்.
புத்தகத்தில் இருந்ததைவிட
நூற்றுத்தொண்ணூறு கிலோ கூட.

படங்கை விலக்கினேன்.
போன மாரியின் உப்பு மூட்டை, மூன்று.
அறுந்த சங்கிலி. யாருடையதோ ஒரு ஜாக்கி.
அடியில்,
ஆம்ஷ்டுட்ஸ் காசு தராத வேலையின்
இருபத்தெட்டு இரும்புக் கம்பம்.
தரும்வரை இறக்கமாட்டேன் என்று
வைராக்கியமாக வைத்திருந்தது.
பதினான்கு மாதம்.
டீசலும் என்னுடையது, முதுகும் என்னுடையது.
அவனுக்கு இது தெரியவே தெரியாது.

அன்றிரவு மேசையில் தாளை விரித்து
நெடுநேரம் இருந்தேன்.
வில் ஞாபகசாலி.
அழுத்தியதை அப்படியே திருப்பி எறியும்.
ஷொக் வாங்கியதை எண்ணெய்க்குள் சூடாக்கி
காற்றில் விட்டுவிடும்.
முரட்டு வில்லுக்கு மெல்லிய ஷொக் போட்டால்
ஒரே பள்ளம்
கடன் கொடுத்தவன்போலத்
திரும்பத் திரும்பக் கதவைத் தட்டும்.
ஐந்நூறை எடுத்தால்
வருசத்தில் பதினொரு நாள் சுகம்.
மிச்ச நாளெல்லாம் நாரி போகும்.

நூற்றைம்பதில் புள்ளடி போட்டேன்.
ஷொக், நீட்டினால் நாலு விரல் நீளம் கூடியது,
விரிவதை இறுக்கிப் பிடிப்பது.
கட்டையைக் கழற்றச் சொன்னேன்.
சோதனைக்காரருக்குக் காட்ட
முத்திரை வைத்த கடதாசியும் கேட்டேன்;
அது இல்லாமல் இந்த நாட்டில்
உயரமாக இருக்க விடமாட்டார்கள்.

ட்சௌக் கண்ணியின் மரைகளை
முதலில் கையால்தான் முடுக்கினார்.
வண்டியை இறக்கி,
சக்கரம் நிலத்தில் தன் பாரத்தை உணர்ந்து நின்ற பிறகே
கடைசி முறுக்கு.
தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் கிழியும், என்றார்.

கடவை வந்தது.
கைகள் ஸ்டியறிங்கை முன்கூட்டியே பிடித்துக்கொண்டன.
வண்டி ஒருதரம் எழும்பி
ஒருதரம் இருந்தது.
அவ்வளவுதான்.

ஆனால் திரும்புசாலையின் வளைவில், ஈரத்தில்,
பின்பக்கம் கோழி மாதிரி ஒரு தத்து.
எல்லாவற்றையும் இறக்கியிருந்தேன் அல்லவா.

காலையில் இரண்டு உப்பு மூட்டையை
அச்சுக்கு நேர்மேலே வைத்துக் கட்டினேன்.
மூன்றாவதை வாசலில் விட்டேன், பனிக்கு ஆகும்.
கம்பங்களைப் பற்றி
ஆம்ஷ்டுட்ஸுக்கு ஒரு குறுஞ்செய்தி அடித்தேன்.
அனுப்பினேனா என்று
கிருபாகரன் மூன்றுதரம் கேட்டுவிட்டார்.