செப்டம்பர் 31

வியாழக்கிழமை நாலரை மணிக்கு
பசுமலை ஸ்டாப்பில் இறங்கி ரோட்டைக் கடந்து
பாதி இறக்கிய ஷட்டரில்
குடைக்கம்பியால் இரண்டு தட்டு.
வயலட் ரத்தினபாய் டீச்சர்.
இருபத்திரண்டு வருஷம்.
பந்த், தேர்தல், ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்த மாதங்கள்,
எதற்கும் லீவு கிடையாது.

சபையின் ஞாயிற்றுத் தாள் நாலு பக்கம்,
முன்னூற்றைம்பது பிரதி.
அடிப்பவன் சிக்கந்தராகிய நான்.
திருத்துபவர் அவர்,
பரீட்சைத் தாள் போல ஓரத்தில் கோடு கிழித்து
சிவப்பு மையில்.

"கறி வேற, கரி வேற தம்பி.
அசனத்துக்கு எதைப் போடப் போறீங்க?"
அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.
ஜும்மாவுக்குப் போகிறவன் நான்.
எந்த சங்கீதத்துக்கு எத்தனை வசனம் என்று
இன்று கேட்டாலும் சொல்வேன்.

வெள்ளிக்கிழமைகளில் பெரியாஸ்பத்திரி.
சீட்டு வாங்கும் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல்.
உசிலம்பட்டியிலிருந்தும் நத்தத்திலிருந்தும் வந்தவர்களுக்கு
ஃபாரம் நிரப்புவார்.
வயசு கேட்டால்
"புயலடிச்ச வருஷம் மூத்தவன் பொறந்தான்" என்பார்கள்.
கணக்கு டீச்சர்.
அதிலிருந்து கழித்துக் கூட்டி
ஒரு வயசு எழுதிவிடுவார்.

என் அத்தாவுக்கு ரத்தம் வேண்டியிருந்த ராத்திரி
சபைப் பையன்கள் ஆறு பேரை
ஒரே ஆட்டோவில் அடைத்துக் கூட்டி வந்தார்.
ஆறாவது பையனின் கால்
கோரிப்பாளையம் வரை வெளியே தொங்கியதாம்.
அத்தா அதற்கப்புறம் ஒன்பது வருஷம் இருந்தார்.

கோபக்காரியும்தான்.
பில்லில் ஐம்பது ரூபாய் கூடிப்போனதற்கு
எட்டு மாதம் என் கடை டீயைத் தொடவில்லை.
வந்தார், திருத்தினார்,
சொந்த பாட்டிலில் தண்ணீர் குடித்தார், போனார்.
ஒன்பதாம் மாதம்
"சீனி கம்மியா" என்றார்.
அவ்வளவுதான் சமாதானம்.

போன வியாழன்
தட்டுச் சத்தம் ஒன்றுதான் கேட்டது.
படியில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து
உள்ளே வந்தார்.
வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார்.
சிவப்புக் கோடு இரண்டு இடத்தில்
தாளைத் தாண்டி மேஜையில் ஓடியது.
கடைசிப் பக்கம்,
பெண்கள் ஐக்கிய சங்கக் கூடுகை,
செப்டம்பர் 31, மாலை ஆறு மணி.
விரல் அதன் கீழே போனது.
நின்றது மாதிரி இருந்தது.
நிற்கவில்லை.
டிக் போட்டுக் கொடுத்தார்.

சனிக்கிழமை விடியக்காலம் போன் வந்தது.

"கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்."
எத்தனையோ பேருக்கு அடித்த வரி,
விரல் தானாகவே அடித்துவிட்டது.
யாரும் பார்க்காமல் அச்சுக்குப் போன என் முதல் வரி.

ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் போஸ்டர் கேட்டு வந்தார்கள்.
காது குத்தினாலே சுவர் நிறைகிற ஊர் இது.
"என் மூஞ்சிய ஒட்டினா மாடுதான் திங்கும்" என்று
டீச்சர் சொல்லி வைத்திருந்தார், மாட்டேன் என்றேன்.
வேறு பிரஸ்ஸில் அடித்து ஒட்டினார்கள்.
திங்கட்கிழமை, டீச்சர் சொன்னபடியே,
கண்ணாடி வரைக்கும் தின்றிருந்தது.

முப்பத்தொன்றை நான்
சனிக்கிழமை மத்தியானமே பார்த்துவிட்டேன்.
பக்கம் திறந்துதான் இருந்தது.
ஒரு எண்ணை அழிக்க எத்தனை நேரம் ஆகும்.
கை போகவில்லை.
அப்படியே ஓட்டினேன், முன்னூற்றைம்பதும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும்
மூன்று போன்.
கப்பலூரிலிருந்து ஒரு லேத் பட்டறைக்காரர்,
ஒரு நர்ஸ்,
குரலை வைத்து யாரென்று தெரியாத ஒருவர்.
"செப்டம்பருக்கு முப்பதுதானே பாய்?"
மூன்று பேரும் அவரிடம் கணக்குப் படித்தவர்கள்.
"டீச்சர் பார்த்த ப்ரூஃப்" என்றேன்.
எதிர்முனையில் பேச்சில்லை.
நர்ஸ் மட்டும் கொஞ்ச நேரம் கழித்து,
"அப்ப அன்னைக்கே வச்சுக்குவோம்" என்றாள்.

அடுத்த தாளில் திருத்தம் போடச் சொன்னார் ஆயர்.
போட வேண்டும்.
இன்று வியாழன்.

ஷட்டரில் குடைக்கம்பி பட்ட இடத்தில்
பெயின்ட் போய்
எட்டணா அகலத்துக்குத் தகரம் தெரிகிறது.
முழுசாக ஏற்றினால்
அது சுருளுக்குள் போய்விடும்.
பாதியிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன்.