சொற்பட்டியல், இரண்டாம் திருத்தம்

பீல் நகரில் படிவங்கள் இரண்டு மொழியில் கிடைக்கும்.
ஜெர்மன் என்னை உதவியற்றவள் என்கிறது,
பிரெஞ்சு இன்னும் ஒரு படி கீழே இறங்கி
வலுவற்றவள் என்கிறது.
மூன்றாவதை நான் எழுதவேண்டும்,
எளிய தமிழில்,
வியாழக்கிழமைக்குள்.

முதல் வரைவில்
கதியற்றோர் கொடுப்பனவு என்று போட்டிருந்தேன்.
கேதீசன் வாசித்தார். நாற்பத்தாறு வயது, பக்கவாதம்,
வலக்கை வராது.
இடக்கையால் தாளைக் கவிழ்த்து வைத்தார்.
"கோயில் வாசல்ல தட்டோட இருக்கிற மாதிரி இருக்குத் தங்கச்சி."
அழித்தேன்.

இப்போது இப்படி:
உடுக்க, எழும்ப, சாப்பிட, கழுவ,
கழிப்பறைக்குப் போக, நாலு பேரைப் பார்த்துவர,
இந்த ஆறில் எதற்கெல்லாம்
இன்னொருவர் கை வேண்டுமோ
அதை எண்ணித் தருகிற மாதப் பணம்.
பிச்சை இல்லை. கடனும் இல்லை.
பெயரை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு விசாரணை:
ஒரு பெண் கோப்போடு வருவார். பொலிஸ் இல்லை.
வடை சுடாதீர்கள்.
நல்ல உடுப்பு மாட்டிவிடாதீர்கள்.
"எங்கட பிள்ளை எல்லாம் தானே செய்வாள்" என்று
அம்மா பெருமையாகச் சொன்ன ஒரு வசனத்துக்கு
எங்களுக்குப் போனது பதினான்கு மாதம்.
பொத்தான் பூட்ட இருபது நிமிடம் என்றால்
இருபது என்றே சொல்லுங்கள்.
வெட்கத்துக்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

ஆட்சேபம்:
முப்பது நாள்.
யோசிப்பதற்கல்ல, எழுதுவதற்கு.

உதவியாளர் பங்களிப்பு.
இந்த இடத்தில்தான் மூன்று நாளாக நிற்கிறேன்.
போன மார்ச்சில் ஒரு கடிதம்:
நான் கடுமையான அளவில் உதவியற்றவளாம்.
மே மாதம், அதே கட்டடத்திலிருந்து, இன்னொன்று:
மதிப்புக்குரிய முதலாளி அவர்களே,
உங்கள் ஊழியரின் காப்புறுதி தொடர்பாக...

ஊழியர் செலாம். அஸ்மாராக்காரி.
காலை ஆறரைக்கு வந்து
என்னைப் புரட்டி, தூக்கி, இருத்தி, தலைவாரி,
மாதக் கடைசியில்
தன் சம்பளச் சீட்டை என் முன்னால் விரித்து
என் இரண்டு விரலுக்கு நடுவில் பேனையைச் செருகுவாள்.
தூக்குகிறவள் அவள்.
லீவு கொடுக்கிறவள் நான்.
போன கிழமை கேட்டாள், லொசானில் தங்கைக்குக் கலியாணம்.
தாராளமாகப் போ என்றேன்.
அந்த மூன்று காலையும் எப்படி எழும்புவது என்று
விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு ஒரு சொல்.
முதலாளி என்றால் கேதீசன் சிரிப்பார். சிரிக்கட்டும்,
ஆனால் விளங்காது.

கடைசியில் எழுதினேன்:
யார் வருவது, எத்தனை மணிக்கு,
தேத்தண்ணி முதலா குளிப்பு முதலா,
சட்டைக்குள் எந்தக் கை முன்னால் போவது
என்பதையெல்லாம் நீங்களே சொல்வதற்கான பணம்.

செலாமுக்கு ஜெர்மனில் சொல்லிக் காட்டினேன்.
சீப்பைக் கையில் வைத்தபடி கேட்டாள்.
"லீவையும் போடு" என்றாள்.